மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை: நன்மையையும் ஆபத்தையும் எடைபோடும் முறை

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று நான்கு பேரிடம் கேட்டால், இருவர் புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். மற்ற இருவர் எலும்புக்கும் இதயத்துக்கும் தோலுக்கும் பத்து வயது குறைந்துவிடும் என்று ஆசை காட்டுவார்கள். இரு தரப்பும் கேட்க மறந்த கேள்விகள் சில உண்டு. எந்த வயதுப் பெண்ணுக்கு, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு கழித்து, கருப்பை இருப்பவருக்கா இல்லாதவருக்கா, எந்த மருந்தை, எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு? இவற்றுக்கு விடை தெரியாமல் நல்லதா கெட்டதா என்று வாதிடுவதில் பொருளில்லை. ஒரே மருந்து 51 வயதுப் பெண்ணுக்குத் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடும். 68 வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதத்தை அருகே அழைத்து வரக்கூடும். மருந்தை எழுதித்தர வேண்டியவர் மருத்துவர்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்களுக்குள் இந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டு முடிக்க இயலாது. பாதியை வீட்டிலேயே போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அந்தப் பாதியை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

தொல்லையை அளந்து எழுதுங்கள்

வேறு காரணம் எதுவும் இல்லாமல் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நிரந்தரமாக நின்றுவிட்டது என்று கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு (இதை வெளியிலிருந்து தருவதுதான் ஹார்மோன் சிகிச்சை) வற்றிப்போவதால், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி மிகச் சிறிய மாற்றத்துக்கும் பதறத் தொடங்குகிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகிறது. சில நிமிடங்களில் வியர்வை கொட்டுகிறது. வியர்வை அடங்கியதும் குளிர் எடுக்கிறது. ஹாட் ஃப்ளாஷ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் காந்தல் ஓரிரு ஆண்டில் தானே போய்விடும் என்று பலரும் ஆறுதல் கூறுவார்கள். சிலருக்கு அப்படிப் போகவும் செய்யும். ஆனால் நீண்டகால ஆய்வுகளில், அடிக்கடி காந்தல் வரும் பெண்களுக்கு அது நீடித்த இடைநிலைக் காலம் 7 ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரியவந்திருக்கிறது.

எனவே இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காந்தல் வந்த நேரம், வேலையை நிறுத்த வேண்டியிருந்ததா இல்லையா, இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது, நனைந்த உடையை மாற்ற வேண்டியிருந்ததா என்பவை போதும். "இரவெல்லாம் தூக்கமில்லை" என்பதைவிட "14 இரவுகளில் 11 இரவு மூன்று முறைக்கு மேல் எழுந்தேன்" என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்த ஆய்வுகளிலும் காந்தலின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அதாவது, நாளடைவில் குறைவதும் நம்பிக்கையால் குறைவதும் உண்டு. அந்த வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பிறகும் ஹார்மோன் சிகிச்சை காந்தலை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைக்கிறது. காந்தலுக்கு இதைவிட வலுவான மருந்து இன்றைக்கு இல்லை.

அடுத்து, உங்கள் தொல்லையின் பெயர் என்ன என்று தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை மட்டுமே உங்கள் குறை என்றால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அங்கேயே வைத்துக்கொள்ளும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ சிறு மாத்திரையோ போதும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை என 10 மைக்ரோகிராம் மாத்திரையை வைப்பது ஒரு வழக்கமான முறை. அதிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அதனால் மார்பகப் புற்றுநோய் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கருப்பையைக் காக்க ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துத் தரும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் துணையும் பொதுவாக வேண்டியதில்லை. உடல் முழுதும் பரவும் மாத்திரைக்குரிய அச்சத்தை இந்தக் களிம்பின் மேல் ஏற்றி, வலியோடு வாழும் பெண்கள் ஏராளம். இது தேவையில்லாத துன்பம் என்பது என் கருத்து.

காந்தலும் இல்லை, வறட்சியும் இல்லை, மாரடைப்போ மறதி நோயோ வராமல் தடுக்கத்தான் கேட்கிறேன் என்பவர்களுக்கு விடை எளிது: அந்த நோக்கத்துக்காக இதைத் தொடங்க வேண்டாம். ஏன் என்பது கீழே வரும் எண்களில் இருக்கிறது.

கணக்கே போட வேண்டாத இருவர்

மார்பகப் புற்றுநோய் வந்து போனவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்து கட்டியானவர், கல்லீரல் நோய் முற்றியிருப்பவர் ஆகியோருக்கு உடல் முழுதும் பரவும் ஹார்மோன் சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்டது. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருப்பவர் முதலில் அந்தக் காரணத்தைக் கண்டறிய வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது கேட்டுத் தெளிய வேண்டிய செய்தியே.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பவர்கள், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், அறுவை சிகிச்சையில் இரு சினைப்பைகளையும் இளம் வயதில் இழந்தவர்களும். இவர்களுக்கு ஹார்மோன் என்பது உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருவது. தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான 50 அல்லது 51 வரை எடுத்துக்கொள்ளவே அறிவுறுத்துகிறார்கள். 63 வயதுப் பெண்களிடம் கண்ட ஆபத்தை 36 வயதுப் பெண்ணிடம் சொல்லி மருந்தை மறுப்பது பிழை. எலும்பும் இதயமும் முன்கூட்டியே தேய்வதுதான் அவருக்கு உள்ள பெரிய ஆபத்து.

சதவீதத்தைத் தலைகளாக மாற்றுங்கள்

2002 ஜூலையில், அமெரிக்காவில் நடந்துவந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பேராய்வின் ஒரு பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரை, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை, சராசரியாக 5.2 ஆண்டுகள் கவனித்ததில் நன்மையைவிடத் தீமை மிகுந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது, இதய நோய் 29 சதவீதம் கூடியது, பக்கவாதம் 41 சதவீதம் கூடியது என்ற செய்தி உலகெங்கும் பரவ, இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு பென்சிலை எடுக்க வேண்டும். 26 சதவீதம் என்றால் நூறு பேரில் 26 பேர் என்று காதில் விழுகிறது, உண்மை அதுவல்ல. அந்த ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. 30 என்பது 38 ஆனதைத்தான் ஏறத்தாழ 26 சதவீத உயர்வு என்கிறார்கள். கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் 10,000 பேரில் 8 பேர். இதே முறையில் இதய நோய் 30 என்பது 37 ஆயிற்று. பக்கவாதம் 21 என்பது 29 ஆயிற்று. நுரையீரலில் இரத்தக் கட்டி 8 என்பது 16 ஆயிற்று. மறு தட்டில், இடுப்பு எலும்பு முறிவு 15 என்பது 10 ஆகக் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோய் 16 என்பது 10 ஆகக் குறைந்தது. இரு தட்டுகளையும் பார்த்தால், நோயைத் தடுப்பதற்காக என்று எவருக்கும் இதைக் கொடுக்க முடியாது என்பதும், கடும் தொல்லையில் இருப்பவர் நினைத்தும் பார்க்கக் கூடாத விஷமல்ல இது என்பதும் ஒருசேரப் புலப்படும்.

ஆனால் சிறிய எண் என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. மேலே உள்ளவை ஓராண்டுக் கணக்கு. ஆண்டுகள் கூடக் கூட மார்பகத்தின் ஆபத்து கூடுகிறது, நிறுத்திய பிறகும் சில காலம் தொடர்கிறது. 2019இல் உலகின் பல ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட ஒரு பெரும் கணக்கு, 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் மட்டும் மருந்து எடுத்த பெண்களை 69 வயது வரை நீட்டிப் பார்த்தது. மருந்தே எடுக்காத 100 பெண்களில் அந்த 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் தினமும் எடுத்தவர்களில் அது 8.3 ஆகிறது, மாதத்தில் சில நாள் மட்டும் புரோஜெஸ்டிரோன் சேர்த்தவர்களில் 7.7, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 6.8. முதல் வகையில் 50 பெண்களுக்கு ஒருவர் கூடுதல் என்று பொருள். இது கவனித்து ஆராய்ந்த கணக்கே தவிர, சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஆயினும் ஒதுக்கிவிடக் கூடியதும் அல்ல.

கருப்பை நீக்கப்பட்ட பெண்களின் கதை வேறு. அதே அமெரிக்க ஆய்வின் இன்னொரு பகுதியில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த அத்தகைய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலத் தொடர்ச்சியில் குறைந்தே காணப்பட்டது. ஆனால் பக்கவாதம் அவர்களுக்கும் 10,000 பேரில் ஆண்டுக்கு 12 பேருக்குக் கூடியது. 18 ஆண்டுகள் கழித்து இரு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மொத்த இறப்பு விகிதம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது.

வயதும் இடைவெளியும்

அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. காந்தலுக்காக மருந்து கேட்டு வருபவர் பெரும்பாலும் 50ஐ ஒட்டியவர். 2002இல் எழுந்த பரபரப்பில் இந்த வேறுபாடு மறைந்துபோனது. பிறகு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், மாதவிடாய் நின்று சில ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்கு இதய ஆபத்து அதே அளவில் தென்படவில்லை. 10, 20 ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களிடம்தான் அது மிகுதி. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இரத்தக் குழாயில் ஈஸ்ட்ரோஜன் வேறு விதமாக வேலை செய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மறதி நோயிலும் இதே எச்சரிக்கை உண்டு: 65 வயதுக்கு மேல் கூட்டு மாத்திரை தொடங்கியவர்களில் அந்நோய் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 22 என்பதிலிருந்து 45 ஆகியது.

இதிலிருந்து பிறந்ததுதான் மருத்துவச் சங்கங்கள் இன்று பின்பற்றும் எல்லைக்கோடு. வயது 60க்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் இருந்து, தடை செய்யும் நோய் எதுவும் இல்லாமல், தொல்லையும் கடுமையாக இருந்தால் நன்மையின் தட்டு பொதுவாகக் கனத்துத் தாழ்கிறது. அந்தக் கோட்டைக் கடந்து புதிதாகத் தொடங்குபவருக்கு அது மெல்ல எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துகளின் உறையில் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கச் சொன்னதற்கும் இந்த வயது வேறுபாடு ஒரு காரணம். உறையிலிருந்து எச்சரிக்கை போனதால் உடலிலிருந்து ஆபத்து போய்விட்டது என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரு பெண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு வயது 51. மாதவிடாய் நின்று 14 மாதம். இரவில் நான்கு முறை நனைந்து எழுகிறார். பகலில் வேலையில் தவறுகள் நேர்கின்றன. இரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. குடும்பத்தில் நெருங்கியவர் எவருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை. மற்றவருக்கு வயது 66. நின்று 15 ஆண்டு. காந்தல் எப்போதோ அடங்கிவிட்டது. எலும்பு வலுப்பெறும் என்று யாரோ சொன்னதால் கேட்க வந்திருக்கிறார். முதலாமவர் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்வதற்கான காரணம் அவருடைய குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இரண்டாமவருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எலும்புக்கென்றே உள்ள மருந்துகளும்தான் பொருத்தம். கடினமான கணக்கு இவர்களுக்கு நடுவில் நிற்பவருடையது: 57 வயது, உடல் எடை அதிகம், சர்க்கரை நோய், ஆனால் காந்தல் தாங்க முடியவில்லை. அவருக்கு விடை பெரும்பாலும் மருந்தின் வகையில் அடங்கியிருக்கிறது.

மாத்திரையா, பட்டையா

விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தம் உறையத் துணைசெய்யும் பொருள்கள் அதிகம் உருவாகின்றன. தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் இந்த வழியைத் தவிர்த்து நேரே இரத்தத்தில் கலக்கின்றன. வழக்கமான அளவில் அவற்றைப் பயன்படுத்தியவர்களிடம் இரத்தக் கட்டி கூடவில்லை என்று கவனிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் எடை கூடியவர், ஒற்றைத் தலைவலி உள்ளவர், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு அதிகமாக உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர்கள் தோல்வழியையே விரும்புகிறார்கள். பட்டையை இடுப்புக்குக் கீழே வயிற்றிலோ பின்புறத்திலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். மார்பில் ஒட்டக் கூடாது. ஜெல் தடவியவர் அது நன்கு உலரும் வரை குழந்தைகளைத் தூக்கக் கூடாது. அவர்கள் தோலிலும் அது ஏறிவிடும்.

கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் கட்டாயம் வேண்டும். தனியே கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்து புற்றுநோய்க்கு வழிவகுக்கும். 1970களிலேயே இது தெரிந்துவிட்டது. 3 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தவர்களில் மூவரில் ஒருவருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய வகையிலான தடிப்பு வந்தது. பட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு, தலைச்சுற்றல் வருகிறது என்று புரோஜெஸ்டிரோனைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உடலில் சுரப்பதைப் போன்ற புரோஜெஸ்டிரோனைத் தினமும் 100 மி.கி. அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. என்று தருவார்கள், அது உறக்கம் தரும், ஆகவே இரவில் விழுங்கினால் தலைச்சுற்றலும் தெரியாது, தூக்கமும் வரும்.

'இயற்கை ஹார்மோன்' என்ற பெயரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கலந்து தரப்படுபவற்றைப் பற்றி ஒரு சொல். பல ஆண்டுகள் மிகுதியாக விற்ற மாத்திரை சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. அதைவிட இயற்கையானது எது? பெயரைப் பார்க்க வேண்டாம். அளவும் தூய்மையும் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்ற மருந்தா என்று மட்டும் பாருங்கள். உமிழ்நீரில் ஹார்மோனை அளந்து அதற்கேற்பக் கலந்து தருகிறோம் என்பவர்களிடம் அந்த அளவீட்டுக்கு என்ன சான்று என்று கேளுங்கள்.

ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்

தாளின் மேலே வயது, கடைசி மாதவிடாய் வந்த ஆண்டு, கருப்பையும் சினைப்பையும் இருக்கின்றனவா என்பதை எழுதுங்கள். அதன் கீழே இரண்டு வாரக் குறிப்பின் சுருக்கம். பிறகு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, புகைப்பழக்கம், எலும்பு முறிவு, இரத்தக் கட்டி, தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ வந்த புற்றுநோய். கடைசியாக, எதற்கு நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று ஒரு வரி. தாய் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்ததைக் கண்டவர் எலும்பின் தட்டில் கூடுதல் கல்லை வைப்பார். தமக்கையை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் 50இல் ஒன்று என்பதையும் ஏற்க மாட்டார். இருவரும் தவறில்லை. எண்கள் அவரவர் ஆபத்தின் அளவைச் சொல்லும். எது கனமானது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவெடுப்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் சிறிய அளவில் காந்தலைக் குறைக்கின்றன. இரவுத் தொல்லைக்கு, வலிப்பு நோய்க்குத் தரப்படும் கபாபென்டின் உதவுகிறது. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெடன்ட், மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே வேலை செய்கிறது, ஆனால் கல்லீரலை இடையிடையே சோதிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக டமோக்சிஃபென் என்ற மருந்தை எடுப்பவர், மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸெட்டின், ஃப்ளூக்ஸெட்டின் ஆகிய இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை டமோக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

தொடங்கிய பின்னும், நிறுத்தும்போதும்

தொடங்கிய 3 மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதே தாளை எடுத்து மீண்டும் எடைபோடுங்கள். ஆண்டுதோறும் வயது மாறுகிறது, தொல்லையும் மாறுகிறது. முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற இரத்தக் கசிவு வரலாம்; 6 மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ கருப்பையின் உட்சவ்வைப் பரிசோதிக்க வேண்டும். மார்பக எக்ஸ்ரேயைத் தவறவிடக் கூடாது. கூட்டு மருந்து மார்பகத்தை அடர்த்தியாக்குவதால் படத்தைப் படிப்பதும் கடினமாகும், எனவே ஹார்மோன் எடுப்பதை அங்கே முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான நாள் எதுவும் இல்லை. நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காந்தல் திரும்புகிறது. ஒரேயடியாக நிறுத்தினாலும் படிப்படியாகக் குறைத்தாலும் இறுதியில் பெரிய வேறுபாடில்லை, படிப்படியாகக் குறைப்பது முதல் சில வாரங்களைச் சற்று எளிதாக்கும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, அப்போதும் இரவுகள் கெடுகின்றன என்றால் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசலாம். எலும்புக்குக் கிடைத்த காப்பு மருந்தோடு நின்றுவிடும் என்பதால், நிறுத்தும் ஆண்டிலேயே எலும்பு அடர்த்தியைப் பார்த்து, அதற்கு மாற்று மருந்து தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிறப்புறுப்பு வறட்சி காந்தலைப் போல் காலத்தால் தணிவதில்லை. அதற்கான களிம்பை மற்ற மருந்துகளை நிறுத்திய பிறகும் தொடரலாம்.